கல் பந்தும் வாலி தூணும்: எது நல்ல கலை?

கேள்வி

"போன வாரம் குடும்பத்தோடு சேலம் பக்கம் தாரமங்கலம் கோயிலுக்குப் போனோம். வருகிறவர்கள் எல்லோரும் அங்கேயுள்ள கல் சிங்கத்தின் வாய்க்குள் கையை விட்டுக் கல் பந்தை உருட்டுகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், கிளம்பிவிடுகிறார்கள். அது கலையா, வித்தையா? ஒருவருக்குப் பிடிப்பது இன்னொருவருக்குப் பிடிப்பதில்லை. அப்படியிருக்க, 'இது நல்ல கலை, இதை மதிக்க வேண்டும்' என்று சிலதை மட்டும் தூக்கி வைத்துப் பேசுவதில் என்ன நியாயம்?" (ஆத்தூர் வாசகர் ஒருவர்)

5 மார்ச் 2023

பந்து வித்தைதான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஓமலூருக்கும் தாரமங்கலத்துக்கும் நடுவே ஒரு பள்ளியில் பதினாறு வருடமாக ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். வருடம் ஒருமுறை பிள்ளைகளைக் கைலாசநாதர் கோயிலுக்குக் கூட்டிப்போவேன். இந்தப் பகுதியை ஆண்ட கெட்டி முதலிகள் எடுப்பித்த கோயில். உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் நேராகப் பந்துக்குத்தான் ஓடுவார்கள். கை உள்ளே போகும், பந்து உருளும், வெளியே மட்டும் வராது. "எப்படி மிஸ் உள்ளே போட்டாங்க?" என்று கேட்பார்கள். போடவில்லை, வாயைக் குடைந்துகொண்டே போய் அதே கல்லிலேயே பந்தையும் உருட்டி எடுத்திருக்கிறார்கள் என்பேன். "ஓ" என்பார்கள். அதோடு முடிந்தது.

பிறகு வாலி தூணுக்குக் கூட்டிப்போவேன். போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு தூணில் வாலியும் சுக்ரீவனும் கட்டிப்புரண்டு சண்டை போடுகிறார்கள். தள்ளி இன்னொரு தூணில் வில்லோடு இராமன். இராமன் பக்கத்தில் நின்று பார்த்தால் வாலி தெரிவான். வாலி பக்கத்தில் வந்து நின்றால் இராமன் தெரியமாட்டான், நடுவில் உள்ள தூண்கள் மறைத்துவிடும். பிள்ளைகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து ஆளுக்கொரு பக்கம் நிறுத்துவேன். அப்புறம் இடம் மாற்றுவேன். வாலி பக்கம் போன கூட்டம் கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கிவிடும்.

நான்கு வருடம் முன்னால் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி வாலி பக்கத்திலிருந்து கேட்டாள்: "அப்போ அவனுக்குக் கடைசி வரைக்கும் தெரியாதா மிஸ்?" கம்பன் சொல்வதைச் சொன்னேன். மார்பில் தைத்த அம்பைப் பிடித்து இழுத்து, அதில் எழுதியிருந்த பேரைப் படித்துத்தான் எய்தவன் யாரென்று வாலி தெரிந்துகொள்கிறான். அவள் மறுபடி எட்டிப் பார்த்தாள். இராமன் தெரியவில்லை. வேனில் திரும்பும்போதும் அதையேதான் பேசிக்கொண்டு வந்தாள். மறைந்து நின்று அடித்தது சரியா தவறா என்று வேனுக்குள் இரண்டு கட்சி உண்டாகிவிட்டது.

பந்தின் ரகசியம் தெரிந்ததும் அதில் ஒன்றும் மிச்சமில்லை. வாலி தூணின் ரகசியம் தெரிந்த பிறகுதான் அதன் வேலையே ஆரம்பிக்கிறது. ஆத்தூர்க்காரர் கேட்ட நியாயம் இதுதான். தெரிந்த பிறகும் மிச்சம் வைத்திருப்பதை மதிக்கிறேன்.

6 மார்ச் 2023

ஒன்றை விட்டுவிட்டேன். பிடிப்பது வேறு, நல்லது வேறு. எங்கள் அம்மா அடுப்படியில் ஒரு மளிகைக்கடைக் காலண்டர் லட்சுமி படம் மாட்டியிருந்தார். ஒரு கையில் ஆறு விரல் இருப்பது போலத் தெரியும், தாமரை வாழைப்பூ மாதிரி இருக்கும். அந்தப் படம் எனக்கு உயிர். இன்றைக்கும் பீரோவுக்குள் வைத்திருக்கிறேன். ஆனால் அது நல்ல படம் என்று ஒரு நாளும் சொல்லமாட்டேன். அதில் எனக்குப் பிடித்தது முழுக்க என் அம்மா.

அதேபோல, நல்லது என்று தெரிந்தும் மனசு ஒட்டாதவை உண்டு. சில கச்சேரிகளில் எனக்கு அப்படித்தான். குறை என் காதில் இருக்கிறது என்று எனக்கே தெரியும். பிடிப்பதும் நல்லதும் ஒன்றுதான் என்றால், இப்படி ஒரு குறையை ஒருவர் தனக்குள் கண்டுபிடிக்கவே முடியாதே.

12 மார்ச் 2023

வகுப்பில் நடந்தது.

"இயற்கைக் காட்சி வரைங்க" என்று சொன்னால் தமிழ்நாடு முழுக்க ஒரே படம்தான் வரும். இரண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், அங்கிருந்து வளைந்து இறங்கும் ஆறு, ஒரு குடிசை, சாய்ந்த தென்னை, நாலு 'வ' போட்டால் பறவைகள். எங்கள் பிள்ளைகளும் அதையேதான் வரைகிறார்கள். இத்தனைக்கும் வகுப்பறை ஜன்னலைத் திறந்தால் கிழக்கே சேர்வராயன் மலை நிற்கிறது. காலையில் சூரியன் உண்மையிலேயே அதன் பின்னாலிருந்துதான் வருகிறது. அந்த மலையில் முக்கோணம் எங்கே இருக்கிறது? மேலே கிட்டத்தட்ட மட்டமாக, நீளமாக, எருமை படுத்த மாதிரி கிடக்கிறது.

வெள்ளிக்கிழமை ஒரு பையன், கணக்கில் எப்போதும் திட்டு வாங்குகிறவன், காகிதத்தின் குறுக்கே ஒரே ஒரு கோடு போட்டுக் கொண்டுவந்தான். இடது ஓரத்தில் மெதுவாக ஏறி, நெடுகப் போய், ஓரிடத்தில் சின்னதாகக் குழிந்து, பிறகு வலது பக்கம் சட்டென்று இறங்கும் கோடு. கீழே ஒன்றும் இல்லை. ஆறும் இல்லை, குடிசையும் இல்லை. "மீதி எங்கடா?" என்றேன். "அவ்வளவுதான் மிஸ் தெரியுது, கீழே வேப்பமரம் மறைக்குது" என்றான்.

ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தேன். அந்தக் குழிவு அங்கே இருந்தது. பதினாறு வருடம் அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன், கவனித்ததில்லை.

இதை முந்தைய குறிப்போடு சேர்த்துக்கொள்கிறேன். தானே பார்த்ததைச் செய்தவன் நம்மையும் பார்க்கவைக்கிறான். மற்ற முப்பத்தெட்டுப் படங்களும் ஏற்கெனவே வரைந்த படத்தைப் பார்த்து வரைந்தவை.

13 மார்ச் 2023

ஒருவர் மடக்கிவிட்டார். "அப்படியென்றால் கூத்து? தலைமுறை தலைமுறையாக அதே கதை, அதே பாட்டு, அதே அரிதாரம். அதில் யார் தானே பார்த்தது? உங்கள் கணக்குப்படி கூத்து முக்கோண மலைதானே?"

உடனே பதில் சொல்ல வரவில்லை. எங்கள் சித்தப்பா கூத்து என்றால் சோறு தண்ணி மறப்பவர். அவரிடம் இதைக் கேட்டால் அடிக்கவே வருவார். யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

9 ஏப்ரல் 2023

யோசித்து விடை கிடைக்கவில்லை, ஒரு கூத்தைப் பார்த்த பிறகுதான் கிடைத்தது.

மேச்சேரிப் பக்கம் ஒரு கிராமத்தில் மாரியம்மன் பண்டிகை. சித்தப்பா கூப்பிட்டார். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆரம்பித்தது. கர்ணன் கதை. கோமாளி வந்து ஊர்க்கதை பேசும்வரை கூட்டம் அலைமோதியது. ஒரு மணிக்குப் பாதி எழுந்துவிட்டது. மூன்று மணிக்கு நான் எண்ணிப் பார்த்தேன், உட்கார்ந்திருந்தவர்கள் நாற்பது பேருக்குள். அதில் பத்துப் பேர் சாக்கை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். டீக்கடை போட்டவரும் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் கர்ணன் தன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். பொன்னுருவியாக வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். முதல் பாதியில் அவள் குலம் சொல்லி இவனை இழித்தவள். இப்போது இவன் போனால் திரும்பமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பாட்டு பாட்டுதான், முன்னூறு தடவை பாடியிருப்பார்கள். கர்ணன் பாடி முடித்துத் திரும்பி நாலு அடி வைத்தான். முகவீணை என்கிற ஊதுகுழல் மட்டும் மெல்ல இழுத்துக்கொண்டிருந்தது. பொன்னுருவி அவன் பின்னால் போகவில்லை. முந்தானையின் நுனியை எடுத்தாள், அவன் நின்ற இடத்து மண்ணைத் துடைத்தாள், அந்த நுனியைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். அவ்வளவுதான். ஒரு வார்த்தை இல்லை.

சித்தப்பா என் கையைப் பிடித்தார். "இது போன வருசம் இல்லை" என்றார்.

கூத்து முடிந்து, விடிகிற நேரத்தில் அரிதாரம் கலைத்துக்கொண்டிருந்தவரிடம் போய்க் கேட்டேன். முகத்தில் தேங்காயெண்ணெய் வழிய, "எங்க வாத்தியார் கர்ணன் போற பக்கமே பார்த்துட்டு நிப்பாருங்க. நானும் அப்படித்தான் நின்னேன், ரொம்ப வருசம். எங்க அப்பா செத்தப்போ எங்கம்மா அவரு படுத்திருந்த எடத்தைத் துடைச்சுது. அதுக்கப்புறம் எனக்கு அப்படித்தான் வருது" என்றார். இன்னொன்றும் சொன்னார். கூட்டம் குறைந்தால் சுருக்கிவிடச் சொல்கிறவர்கள் உண்டாம். "முழிச்சிருக்கிறவங்க இதுக்குத்தானுங்களே முழிச்சிருக்காங்க?"

ஆகவே 12ஆம் தேதி எழுதியதைத் திருத்துகிறேன். பழையதையே செய்வது குறையில்லை. கதையும் பாட்டும் அவருக்கு முன்னாலிருந்து வந்தவை. அந்த முந்தானை நுனி அவர் பார்த்தது. மரபு என்பது அவருக்குக் கிடைத்த காகிதம், கோடு அவருடையது.

எனக்குள் அதிகமாக நிற்பது அந்த நாற்பது பேர் விஷயம்தான். இதைப் பற்றி இன்னும் எழுத வேண்டும்.

11 ஏப்ரல் 2023

"கோமாளியின் சிரிப்புக்குத்தான் கூட்டம் வந்தது, அதைச் சாதாரணமாகத் தள்ளிவிட்டுப் போகிறீர்கள்" என்று ஒரு குறை வந்திருக்கிறது. குறை சரி.

சிரிப்பு கனமில்லாதது என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்று தெரியவில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாடு, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சி, எட்டு என்று எண்ணும்போது முதலில் வைப்பதே நகையை, அதாவது சிரிப்பைத்தான். அதன் பிறகுதான் அழுகை. அன்றைய கோமாளி ஊர்ப் பெரிய மனிதர்களை அவர்கள் முன்னாலேயே உரித்துக் காயப்போட்டார். தண்ணீர்த் தொட்டிக்கு வந்த பணம் எங்கே போனது என்பதை, துரியோதனன் சபையில் கணக்குக் கேட்பதாக வைத்துப் பாடினார். பகலில் யாராலும் பேச முடியாத பேச்சு. அந்தச் சிரிப்பு வேடிக்கை மட்டும் இல்லை.

அந்தப் பக்கத்தைப் புரட்டும்போது இன்னொன்று கண்ணில் பட்டது. எட்டில் ஒன்று மருட்கை, அதாவது வியப்பு. அது எதிலிருந்தெல்லாம் பிறக்கும் என்பதற்கு அவர் சொல்வது நான்கு: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். மிகச் சிறியதைக் கண்டும் மனிதன் வியப்பான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கல் பந்தை வித்தை என்று ஒரே வரியில் தள்ளியதற்காக வருத்தப்படுகிறேன். வியப்பு கீழான உணர்ச்சி இல்லை. பந்தைப் பற்றி நான் அவசரப்பட்டுவிட்டேன்.

23 ஏப்ரல் 2023

என் அப்பா கொலுசுப் பட்டறைக்காரர். சேலம் செவ்வாய்ப்பேட்டை வியாபாரிகளிடம் வெள்ளி வாங்கி, கூலிக்குச் செய்து கொடுப்பார். நானும் பத்தாவது வரைக்கும் பள்ளி விட்டு வந்து கண்ணி கோர்த்திருக்கிறேன். இப்போது அவருக்கு எழுபத்தொன்று. கண்ணில் புரை, ஒரு கண்ணுக்கு அறுவை ஆகி அது சரியாக அமையவில்லை. வேலையை விட்டு ஆறு வருடம் ஆகிறது.

கண்ணி பற்றவைப்பதைப் பக்கத்திலிருந்து பார்க்காதவர்களுக்கு: கம்பியைச் சுற்றி வெட்டி வளையமாக்கி, ஒன்றுக்குள் ஒன்று மாட்டுவோம். ஒவ்வொரு வளையத்தின் வாயும் திறந்திருக்கும். வெங்காரம் தடவி, அந்தத் திறப்பில் பற்றவைக்கும் பொடியை வைத்து ஊதுகுழலால் ஊதுவார் அப்பா. 'பொடி வைத்துப் பேசுகிறான்' என்கிறோமே, அது இந்தப் பொடிதான் என்பார்கள். நெருப்பு நாக்கு படும். ஒரு கணம் ஒன்றும் நடக்காது. அப்புறம் பொடி சட்டென்று கண்ணாடி மாதிரி மின்னி, வாய்க்குள் ஓடி மறையும். ஒரு நொடி முன்னால் எடுத்தால் ஒட்டாது, ஒரு நொடி தாமதித்தால் வளையமே உருகிவிடும். மூச்சை எங்கே நிறுத்துவது என்பதில்தான் தொழில்.

கூலிக்கு அங்கே முடிகிறது. அப்பாவுக்கு முடியாது. பற்றவைத்த இடத்தில் உள்பக்கம் ஒரு சின்ன முள் நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவிக் காயவைத்த பிறகு, அம்மாவின் பழைய நைலான் சேலைத் துண்டை முழங்காலில் விரித்து, கொலுசை அதன்மேல் மெதுவாக இழுப்பார். ஒரு நூல் மாட்டினால் போதும், அந்தக் கண்ணியைத் தேடி அரம் போட்டு ராவுவார். "வாங்குறவங்க கண்ணுக்குத் தெரியாதுப்பா" என்று ஒருமுறை சொன்னேன். "காலுக்குத் தெரியும்" என்றார்.

இதற்காக ஒரு வியாபாரி அவருக்குக் கூலி ஏற்றித் தந்ததில்லை. மாறாக, "நீங்கள் ராவினதில் எடை குறைகிறது" என்று சேதாரத்தில் பிடித்தார். பெயர் வேண்டாம். மூன்று வருடம் அப்படிப் பிடித்தார், அப்பாவும் ராவிக்கொண்டேதான் இருந்தார்.

மூன்று மணிக்குச் சுருக்காமல் ஆடிய பொன்னுருவியையும் அப்பாவின் நைலான் துண்டையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. யாரும் கேட்காத இடத்தில் கைவிடாமல் இருப்பது. ஒரு படைப்பை நான் மதிக்கக் காரணம் இதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

24 ஏப்ரல் 2023

ராத்திரி தூக்கம் வரவில்லை. நேற்று எழுதியது அரை உண்மை.

எங்கள் அப்புச்சி, அம்மாவின் அப்பா, தச்சர். டி.ஆர். சுந்தரம் 1935ஆம் ஆண்டில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸில் செட்டு வேலை செய்தவர். ஏற்காடு சாலையில் இப்போது அந்த வளைவு மட்டும் நிற்கிறது. நூற்றுக்கு மேல் படங்கள் எடுத்த இடம். அப்புச்சி சொல்வார், அரண்மனைத் தூண் என்றால் கேமரா பார்க்கிற பக்கம் மட்டும்தான் தூண், பின்னால் வெறும் சட்டமும் சாக்கும். பின்பக்கத்தை இழைக்க உட்கார்ந்தவனை மேஸ்திரி வைவாராம்: "யாருக்குடா இழைக்கிறே? முன்னாடி விளிம்புல வெளிச்சம் படும், அங்கே போய் இழை."

நான் நேற்றுச் சொன்ன கணக்குப்படி அப்புச்சி செய்தது அரைகுறை வேலை. ஆனால் அது அரைகுறை இல்லை. பின்பக்கத்தை யாருடைய கண்ணும் சந்திக்கப்போவதில்லை. கொலுசின் உள்பக்கத்தைக் கால் சந்திக்கும். அதுதான் வித்தியாசம். ஆகவே யாரும் பார்க்காத இடத்தில் உழைப்பது பெருமை என்று பொதுவாகச் சொல்ல முடியாது. எந்த இடத்தில் இன்னொரு மனிதர் வந்து அதைத் தொடுவாரோ, பார்ப்பாரோ, கேட்பாரோ அந்த இடத்தை முன்கூட்டியே நினைத்து, அங்கே ஏமாற்றாமல் இருப்பதுதான் நான் தேடியது. பொன்னுருவிக்கு அந்த இடம் மூன்று மணி. தாரமங்கலத்துச் சிற்பிக்கு அது வாலிக்குப் பக்கத்தில் நாம் நிற்கப்போகிற தரை.

இப்படிப் பார்த்தால் வாலி தூணின் முக்கியமான பகுதியில் சிற்பமே இல்லை. தூண்களுக்கு நடுவே உள்ள வெற்றிடம்தான் அது. சிற்பி அந்த வெற்றிடத்தை அளந்திருக்கிறார். எத்தனையோ தடவை நடந்து நடந்து பார்த்திருப்பார். அவர் பேர் நமக்குத் தெரியாது. நாம் எங்கே நிற்போம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

28 மே 2023

கோடை விடுமுறை. நேற்று குடும்பத்தோடு ஏற்காடு போனோம். இருபது கொண்டை ஊசி வளைவிலும் என் சின்ன மகள் வாந்தி. மேலே கோடை விழாக் கூட்டம். அண்ணா பூங்காவில் பூக்களால் கட்டிய உருவங்கள். அழகாக இருந்தன, பார்த்தோம், நகர்ந்தோம். அதில் ஒரு குறையும் சொல்லமாட்டேன். மூன்று நாளில் வாடப்போகிற பூவிடம் மூன்று நாளைக்கு மேல் எதிர்பார்ப்பது அநியாயம்.

தங்கிய இடத்தின் வரவேற்பறையில் பெரிய ஓவியம் ஒன்று. ஏரி, படகு, பனி, ஒரு சிவப்புக் குடை. நன்றாகத்தான் இருந்தது. சாவி வாங்கும்போது பார்த்தேன், சாப்பிடப் போகும்போது பார்த்தேன், காலையில் பார்த்தேன். மூன்றாவது தடவையில் அது எனக்குக் கொடுக்க ஒன்றும் வைத்திருக்கவில்லை. தண்ணீரை உற்றுப் பார்த்தால், குடையின் நிழல் படகின் நிழலுக்கு எதிர்ப்பக்கம் விழுந்திருந்தது. வரைந்தவர் ஏரிக்கரைக்குப் போகவே இல்லை என்று தெரிந்தது. ஏரி அங்கிருந்து பத்து நிமிட நடை.

அப்புறம் வேறு ஒன்று. ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இராபர்ட் புரூஸ் ஃபுட் கல்லறை இருக்கிறது. 1863இல் பல்லாவரத்தில் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த நிலவியலாளர். பின்னாளில் ஏற்காட்டில் வாழ்ந்தவர். அவர் சேர்த்த கருவிகள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கல்லூரி நாளில் பார்த்திருக்கிறேன், அப்போது வெறும் கல்லாகத் தெரிந்தது. அவரே கண்டறிந்த, திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் பிறகு நடந்த ஆய்வில், அங்கேயுள்ள கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் சொன்னார்கள். நம்மைப் போன்ற மனிதர்களே அப்போது இல்லை.

கைக்கோடரி என்றால் கை அளவுக்கு ஒரு கல். நல்லதாக அமைந்ததைப் பார்த்தால் நீர்த்துளி வடிவில், இரண்டு பக்கமும் ஒத்திருக்கும். தோலைக் கிழிக்கவும் எலும்பை உடைக்கவும் இத்தனை ஒழுங்கு வேண்டியதில்லை, ஒரு பக்கம் கூர் இருந்தால் போதும். யாரோ ஒருவர் இந்தப் பக்கம் ஒரு சில்லைப் பெயர்த்துவிட்டு, தூக்கிப் பிடித்துப் பார்த்து, அந்தப் பக்கமும் ஒன்றைப் பெயர்த்திருக்கிறார். கல்லறை முன்னால் நின்றபோது எனக்கு அப்பாவின் முழங்கால் நினைவு வந்தது. சின்னவள் "யாரும்மா இவரு?" என்றாள். "கல்லு பொறுக்கினவரு" என்றேன். அவளுக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது, அவளும் பொறுக்குகிறவள்தான்.

3 ஜூன் 2023

ஆத்தூர்க்காரரே திரும்ப வந்து கேட்டிருக்கிறார்: "அந்த ஹோட்டல் ஓவியரும் பார்ப்பவரை நினைத்துத்தானே வரைந்தார்? யாருக்குப் பிடிக்கும், எது விற்கும் என்று உங்கள் சிற்பியைவிட அதிகமாகவே நினைத்திருப்பார்."

நல்ல இடத்தில் கை வைத்தார். அவர் நினைத்தது சாவி வாங்குகிற அரை நிமிடத்து மனிதரை. மூன்றாவது தடவை பார்ப்பேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. என்னை அவ்வளவுதான் என்று முடிவு செய்துவிட்டார். கர்ணன் கூத்தில் ஆடியவர், தூக்கக் கண்ணோடு உட்கார்ந்திருந்த என்னை, முந்தானை நுனியைக் கவனிக்கக்கூடியவள் என்று நம்பினார். இரண்டு பேரும் என்னை நினைத்தார்கள்தான். ஒருவர் நினைத்த ஆள் நான் இருப்பதைவிடச் சிறியவள், இன்னொருவர் நினைத்த ஆள் நான் இருப்பதைவிடக் கொஞ்சம் பெரியவள். பெரியவளாக நினைத்தவர் முன்னால் அப்படியே ஆகிவிட முயன்றேன்.

ரசனை அவரவர் இஷ்டம் என்பதை நான் இப்போதும் மறுக்கவில்லை, ஐயா. ஆனால் செய்தவர் நம்மை எவ்வளவு பெரிய ஆளாக எண்ணினார் என்பது நம் இஷ்டத்தில் இல்லை. அது படைப்பிலேயே இருக்கிறது, நின்று பார்த்தால் தெரிகிறது.

18 ஜூன் 2023

பந்துக்குப் பட்ட கடன் ஒன்று பாக்கி இருந்தது. இன்று ஞாயிறு, அப்பாவை தாரமங்கலம் கூட்டிப்போனேன். சின்ன வயதில் போனது, நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது என்றார். மேற்குப் பார்த்த கோயில், சாயங்கால வெயில் கோபுரத்தில் முழுசாக விழுந்திருந்தது. அவருக்கு வெளிச்சம் தெரிகிறது, வடிவம் கலங்கலாகத்தான் தெரிகிறது.

சிங்கத்தின் வாய்க்குள் அவர் கையை எடுத்து வைத்தேன். உருட்டவில்லை. இரண்டு விரலால் பந்தைப் பிடித்து, சுற்றித் தடவிக்கொண்டே இருந்தார். பின்னால் ஒரு குடும்பம் போட்டோ எடுக்கக் காத்திருந்தது. நான் பாதி வெட்கத்தோடு, "வாங்கப்பா" என்றேன்.

"இரு. கடைசி வரைக்கும் பந்து எங்கேயோ ஒரு இடத்துல கல்லோட ஒட்டிட்டுத்தான் இருந்திருக்கும். இல்லேன்னா உள்ளே சுத்தி வர உருட்ட முடியாது, ஆடும். எல்லாம் உருட்டி முடிச்சிட்டு, அந்த ஒரு காம்பை வெட்டி விட்டிருப்பான். அது எந்தப் பக்கம்னு தேடுறேன்."

"கிடைச்சுதா?"

"இல்லை. அதையும் ராவிட்டான்."

கையை வெளியே எடுத்து, விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டார், பட்டறையில் பொடி ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பாரே அப்படி. "வெட்டும்போது உளிச் சத்தம் மாறியிருக்கும். அது வரைக்கும் கல்லு சத்தம், அதுக்கப்புறம் பந்து சத்தம். பக்கத்துல இருந்தவங்க எல்லாரும் திரும்பிப் பார்த்திருப்பாங்க."

ரகசியம் தெரிந்ததும் மிச்சமில்லை என்று மார்ச்சில் எழுதியிருந்தேன். எனக்கு மிச்சமில்லாமல் இருந்தது, அவருக்கு இருந்தது. பந்தும் ஒரு ஆளை எதிர்பார்த்துத்தான் இருந்திருக்கிறது. நான் அந்த ஆள் இல்லை.

பிறகு வாலி தூணுக்குப் போனோம். கதையைச் சொல்லி, வாலி பக்கத்தில் அவரை நிறுத்தினேன். கழுத்தை நீட்டிப் பார்த்தார். அவருக்கு எப்படியும் தெரியப்போவதில்லை, நான் அதைச் சொல்லவில்லை.

"உனக்கு ராமர் தெரியறாரா?"

"இல்லைப்பா."

"சரி. நீயும் இங்கேயே கொஞ்ச நேரம் நில்லு."